மூணு கோடு, மூணு புள்ளி, முறுக்கு அச்சு

வெளியூரில் பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மில் பலபேருக்கு இரண்டு வேலை. ஒன்று, மாசக் கடைசியில் சம்பளம் போடுகிற வேலை. இன்னொன்றில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பேப்பர் போட்டுவிட்டு ஓடவும் முடியாது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் போனுக்கு ஹெல்ப் டெஸ்க்காக இருக்கிற வேலை.

நான் ஆணி பிடுங்குவது புனேவில், ஹிஞ்சவடி பக்கம். அம்மா இருப்பது தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்தில். ரயிலில் ஏறினால் ஒன்றரை நாள். அதனால் என் ஹெல்ப் டெஸ்க் முழுக்க முழுக்க வாய் வழி சேவைதான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும். உரையாடல் கிட்டத்தட்ட இப்படிப் போகும்.

"வலது பக்கம் மேல பாரும்மா."

"பாத்துட்டேன்."

"அங்க மூணு புள்ளி இருக்கா?"

"ஒண்ணும் இல்லல."

"நல்லாப் பாரு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு புள்ளி."

"இங்கன ஒரு கொசுதான் உக்காந்திருக்கு. பொறு, அடிச்சுக்கிடுதேன்."

கொசு அடித்ததில் திரையில் வேறு எதுவோ அமுங்கி, வேறு எதுவோ திறந்து, நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். இதைப் படிக்கும்போதே உங்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். எனக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

இதில் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம். என் முதல் வேலையே இதுதான். செயலிகளின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கணும், எப்போது தெரியணும், எப்போது மறையணும் என்று பேசிப் பேசி முடிவு பண்ணி, அதை எழுதிக் கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். "நேத்து இங்கனதான இருந்துச்சு, எந்த மூதி இத மாத்துனான்?" என்று அம்மா கேட்பாள். அந்த மூதி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான். சில வாரங்களில் அந்த மூதி நானேதான் :-)

வயசானவர்களுக்கு மிஷின் என்றாலே பயம் என்று ஒரு எண்ணம் நம் தொழிலில் உண்டு. என் அம்மா விஷயத்தில் அது சுத்தப் பொய். அவள் 1970களில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் காலையில் ஒரு மணி நேரம், மெஷின் காலியாக இருந்தால் கூடக் கால் மணி நேரம். அந்தத் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் கொடுத்தவர் ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். பிழைப்புக்காக மலாயா போன இடத்தில் உட்கார்ந்து யோசித்தவர். (வெளியூரில் வேலை பார்க்கிறவன் ராத்திரியில் தாய்மொழியைப் பற்றி யோசிப்பது அப்போதே இருந்திருக்கிறது.) அதில் ஒரு வினோதம் உண்டு. மெய்யெழுத்து அடிக்க வேண்டுமானால் புள்ளியை முதலில் அடிக்கணும். தாள் நகராது. அப்புறம் எழுத்தை அடித்தால் அது புள்ளிக்கு அடியில் போய் உட்காரும். எழுதும்போது ஒரு வரிசை, அடிக்கும்போது நேர்மாறான வரிசை. இதைப் பதினெட்டு வயதில் விரலுக்குப் பழக்கியவளுக்குத் தொடுதிரையா கஷ்டம்?

கல்யாணத்துக்குப் பிறகு அவள் டைப் மெஷினைத் தொடவில்லை. பல வருஷம் கழித்து ஒருமுறை நான் என் மடிக்கணினியில் பழைய தட்டச்சு விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, விரல் பாட்டுக்குப் போய் அப்பாவின் முழுப்பெயரை அடித்தது. ஒரு பிழை இல்லை. நாற்பது வருஷம் கழித்தும் அந்த எழுத்துக்கள் வைத்த இடத்தில் இருந்தன. ஒரு புண்ணியவானும் அதை மேம்படுத்தியிருக்கவில்லை!

அதேபோல நோக்கியா 1100. 2003ல் வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் டார்ச் உண்டு. கரண்ட் போன ராத்திரியில், இருட்டில், தலைமாட்டில் கையை விட்டுத் தடவி எடுத்து, கண்ணைத் திறக்காமலே அம்மா டார்ச்சைப் போடுவாள். மெனு, நட்சத்திரம் என்று இரண்டு பொத்தான் அழுத்தினால் பூட்டும், திறக்கும். என் எண் இரண்டாம் பொத்தானில், அக்காவின் எண் மூன்றாம் பொத்தானில். அழுத்திப் பிடித்தால் போதும். அந்தப் போன் கீழே விழும், மாவில் விழும், ஒருமுறை உலக்கை பக்கத்திலும் விழுந்தது. ஆனால் இரண்டாம் பொத்தான் இரண்டாம் பொத்தானாகவே இருந்தது.

அப்பா அஞ்சல் துறையில் இருந்தவர். கடிதம், தந்தி, டிரங்க் கால், மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி பூத் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது வீட்டுக்குள்ளேயே துக்கம் கொண்டாடியவர். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த சமயம், வரிசையில் நின்று கால் வீங்கி, "இனி நமக்கும் அந்தப் பெரிய போன் ஒண்ணு வேணும்" என்று அவரே சொன்னார். நான் வாங்கி அனுப்பினேன். ஒரு வருஷம்தான் அதை அவர் வைத்திருந்தார். அவர் போன பிறகு போன் அம்மா கைக்கு வந்தது. அதோடு குடும்ப பென்ஷன், கேஸ் புக்கிங், மின் கட்டணம், பேரப்பிள்ளையின் முகம் எல்லாமே அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டன.

அப்போதுதான் எனக்கும் அவளுக்கும் பொது மொழி இல்லை என்று தெரிந்தது. நான் செட்டிங்ஸ் என்பேன். அவளுக்கு அது ஒரு பொருளாகவே தெரியாது. ஆபீசில் நாங்கள் ஹாம்பர்கர் மெனு என்று சொல்வோமே, மூன்று படுக்கைக் கோடு, அதைப் பார்த்து அவளுக்கு ரொட்டியும் ஞாபகம் வராது, பர்கரும் ஞாபகம் வராது. அந்தச் சின்னத்தை வரைந்தவர் நார்ம் காக்ஸ் என்பவர், 1981ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக. (நமக்கு ஜெராக்ஸ் என்றால் தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் கடை. அவர்கள் கணினியும் செய்தார்கள்.) ஒரு பட்டியலின் குட்டிப் படமாக இருக்கட்டும் என்று அவர் வரைந்ததை, ஸ்மார்ட்போன் காலத்தில் யாரோ பர்கர் ஆக்கினார்கள். அம்மா அதைப் பார்த்த முதல் நிமிஷமே சொல்லிவிட்டாள்: "இது திருநீத்துப் பட்டைல்லா."

அன்றைக்கு ஒரு அகராதி பிறந்தது. திருநீற்றுப் பட்டை என்றால் மெனு. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று புள்ளி என்றால் எறும்பு. செட்டிங்ஸின் பல்சக்கரம், முறுக்கு அச்சு. முள்ளு முறுக்குப் பிழிகிற வில்லையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அச்சு அசல் அதேதான். கோடு போட்டு இணைத்த மூன்று புள்ளி, அதாவது பகிர்வதற்கானது, சாய்ந்த ஆய்த எழுத்து. வைஃபை, விசிறி. "விசிறி வரலல" என்று அம்மா சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லணும் என்று அர்த்தம். தங்கமணி முதலில் சிரித்தாள். இப்போது அவளும் பிள்ளைகளும் வீட்டில் இதே மொழிதான் பேசுகிறார்கள். என் சின்னவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் முறுக்கு அச்சு என்று சொல்லி, அந்த மராட்டிய டீச்சர் ஒன்றும் புரியாமல் முழித்தது தனிக்கதை.

அகராதிக்குத் துணையாக ஒரு நோட்டு. எப்போதோ இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி. அதில் அம்மா ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, படம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். "கரண்ட் பில்: பச்சைப் பொட்டி. பட்டைய அமுக்கு. மூணாவது வரி. நம்பர் போடு. சுத்தும், பொறு." சுத்தும், பொறு! இருபது வருஷமாக நான் பார்த்த எந்த யூசர் மேனுவலிலும் இவ்வளவு தெளிவான ஒரு வாக்கியம் கிடையாது. நோட்டைப் பார்த்து அவளாகவே கரண்ட் பில் கட்டிய நாளில் எனக்குப் போன் வந்தது. உதவிக்கு அல்ல, சும்மா தகவலுக்கு. "கட்டிட்டேன். ஒன்ன ஒண்ணும் கேக்கல பாத்துக்கோ." அந்தக் குரலில் இருந்த மிடுக்கு, லோயர் பாஸ் ஆனபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

ஒரு அப்டேட் வந்தால் நோட்டில் நாலு பக்கம் செத்துப்போகும். நம்மைப் போன்ற தொழில்காரர்களுக்கு இது புரிவதே இல்லை. நாம் மாற்றுவது ஒரு பொத்தானை. அங்கே அடிபடுவது, "நானே செஞ்சுக்கிடுவேன்" என்று ஒருத்தி கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்த தைரியம். இரண்டு வருஷம் முன்னால் அவள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியில், மேலே இருந்த வரிசை ஒரே ராத்திரியில் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் அம்மா போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மூலமாகத்தான் விஷயம் வந்தது: "ஒங்கம்மா போனு கெட்டுப் போச்சுன்னு வெசனப்படுதா." போன் கெடவில்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரி தான் எதையோ தப்பாக அமுக்கிக் கெடுத்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாறியது செயலி. பழியை எடுத்துக்கொண்டது அம்மா.

சரி, ஏன் மாற்றுகிறார்கள்? வேலை இல்லாமல் மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை. காரணம் இருக்கிறது. 2007ல் வந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். கட்டைவிரல் எல்லா மூலைக்கும் எட்டும். இப்போது ஆறரை அங்குலம் சர்வ சாதாரணம். மேல் மூலையில் இருப்பதைத் தொட ஒரு கை போதாது. ஆகவே பொத்தான்கள் கீழே இறங்குகின்றன. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954லேயே ஒரு விதி சொன்னார். குறி பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும், சிறிதாகவும் தூரத்திலும் இருந்தால் நேரமாகும். எங்கள் தொழிலில் இது வேதவாக்கு. அந்த விதி, கைக்கு எங்கே போக வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. குறி எங்கே போயிற்று என்று தேடுகிற நேரம் அதன் கணக்கில் இல்லை.

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் டீமில் இதே சண்டை வந்தது. கட்டணம் கட்டும் பொத்தானை இடம் மாற்றணும், கீழே இருக்கும் சின்னங்களின் பெயரை எடுத்துவிட்டு வெறும் படம் மட்டும் வைத்தால் திரை சுத்தமாக இருக்கும் என்று ஒரு திட்டம். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று கொடுத்துப் பார்த்தார்கள். புதியதில் வேலை சீக்கிரம் முடிகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். நான் ஒன்று கேட்டேன். வேலையை முடிக்காமல் பாதியில் மூடிவிட்டுப் போனவர்கள் எங்கே? அவர்கள் வேறு அட்டவணையில் இருந்தார்கள். என் அம்மா பொத்தானைக் காணாமல் செயலியை மூடிவிட்டு புனேவுக்குப் போன் போட்டால், எங்கள் கணக்கில் அது "செஷன் முடிந்தது" என்று பதிவாகும். அவ்வளவுதான். அழுகை, திட்டு, கொசு எதுவும் பதிவாகாது.

டேமேஜர் சொன்னார், "உன் அம்மா நம்ம டார்கெட் யூசர் இல்லை." நல்ல மனுஷர், நாசிக்காரர், கோபப்படாமல்தான் சொன்னார். நானும் கோபப்படாமல், 2011 கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் அறுபது வயசு தாண்டினவர்கள் 10 கோடிக்கு மேல், அவர்களில் பென்ஷன் வாங்குகிறவரும் கரண்ட் பில் கட்டுகிறவரும் யாருடைய டார்கெட் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. கார்ப்பரேட் கூட்டங்களில் பதில் இல்லாத கேள்விக்கு அதுதான் மரியாதை.

இரண்டு நாள் கழித்து லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மாடிப்படி வளைவில் யாரோ தாழ்ந்த குரலில் மராத்தியில் பேசுவது கேட்டது. "ஆயி... உஜவீகடே. வர். வர் பக, ஆயி." அம்மா, வலது பக்கம், மேலே, மேலே பாரும்மா. குரல் டேமேஜருடையது. மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி அதையே முதலிலிருந்து சொன்னார். நான் சத்தம் போடாமல் லிஃப்டில் ஏறிவிட்டேன். அதைப் பற்றி இன்றுவரை அவரிடம் பேசியதில்லை. அடுத்த கூட்டத்தில் பொத்தான் இடம் மாறத்தான் செய்தது. ஆனால் படத்துக்குக் கீழே பெயர் இருக்கட்டும், அந்தந்த மொழியிலேயே இருக்கட்டும் என்று அவரே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

இதைவிடப் பெரிய சோதனை வருஷா வருஷம் நவம்பரில் வரும். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டிய மாசம். எண்பது வயசு தாண்டியவர்களுக்கு மட்டும் அக்டோபரிலேயே கதவு திறக்கும். முன்பெல்லாம் வங்கிக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமான் வந்தது. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் போதும், நடையாய் நடக்க வேண்டாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மிக்கும் கரிப்பாத்திரத்துக்கும் ஐம்பது வருஷம் கொடுத்த விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? பக்கத்துத் தெரு சேவை மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். துடைத்து வைத்தார்கள், எண்ணெய் தடவி வைத்தார்கள். கருவி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த பையன் சங்கடத்தோடு "பாட்டி, மேட்ச் ஆகல" என்றானாம். வீட்டுக்கு வந்து எனக்குப் போன் பண்ணினாள். "நான் நாந்தானான்னு மிஷினுக்குச் சந்தேகமாம்ல." சிரித்தபடிதான் சொன்னாள். முழுச் சிரிப்பு இல்லை.

பென்ஷன் நின்றால் நான் பணம் அனுப்பிவிடுவேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிரச்சினை பணம் இல்லை. அந்தக் கொஞ்சப் பணம் அவளுடைய சொந்தப் பணம். அப்பா அவளுக்கு விட்டுப்போனது. பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுக்க என்னிடம் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு அது உத்தரவாதம்.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று வாங்கும் வழி வந்தது. கைரேகைக் கருவி வேண்டாம், சாதாரண ஸ்மார்ட்போன் போதும். ஆதார் முகம் பார்க்கும் செயலி ஒன்று, ஜீவன் பிரமான் செயலி ஒன்று, இரண்டையும் இறக்கணும். முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டணும். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை, உயிருள்ள ஆள்தான் என்று அது தெரிந்துகொள்வது அப்படித்தான். அம்மாவின் போனில் இது நடக்க, அக்காவின் போனில் வீடியோ கால் போட்டு நான் பார்த்துக்கொண்டே சொல்ல, அத்தை போனைப் பிடிக்க, ஒரு சின்ன கல்யாணம் மாதிரி கூட்டம். முதல் தடவை பின்னால் டியூப் லைட், முகம் கறுப்பு. இரண்டாம் தடவை முற்றத்துக்கு வந்தார்கள், வெயில் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குத் திரை தெரியாது, எப்போது சிமிட்டுவது என்றும் தெரியாது. நான் "இப்ப சிமிட்டும்மா" என்பேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் சிமிட்டும் நேரம் போய்விடும். கடைசியில் திண்ணையில், சாயங்கால வெளிச்சத்தில், அத்தை "சிமிட்டு மைனி!" என்று ஒரு அதட்டல் போட்டாள். சுற்றியது. பொறுத்தோம். பச்சை டிக் விழுந்தது. சான்று எண்ணோடு எஸ்எம்எஸ் வந்தது.

"ஒத்துக்கிட்டா?" என்றாள் அம்மா.

"ஒத்துக்கிட்டும்மா. நீ இருக்க."

"அடுத்த வருசமும் இதே மாதிரி இருக்குமா, மாத்திருவானுவளா?" என்று கேட்டபடி நோட்டை எடுத்து வரச் சொன்னாள். "திண்ணை. சாயங்காலம். கண்ணாடி வேண்டாம். அத்தையக் கூப்பிடு" என்று எழுதிக்கொண்டாள்.

(இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். தபால்காரரே வீட்டுக்கு வந்து இந்தச் சான்றைப் பதிவு செய்து தருவார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை, கட்டணம் 70 ரூபாய். அம்மாவிடமும் சொன்னேன். "தபால்காரரக் கூப்பிட்டா காப்பி போடணும், அதுக்கு இதுவே தேவல" என்றுவிட்டாள். அப்பா இருந்த துறை, அவரை வாசலோடு அனுப்ப அவளுக்கு மனசு வராது.)

கடைசியாகப் பணப் பரிமாற்றம். யுபிஐ 2016ல் வந்தது. இதில் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது: "பணம் வர நம்பர் போட வேண்டாம். பணம் போகத்தான் நம்பர்." பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்க என்று யாராவது சொன்னால் அவன் திருடன். இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றுவது பெருகியதால், தனிநபர்களுக்குள் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு பொத்தானை எடுத்ததற்காக நான் கைதட்டியது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திருடனும் அப்டேட் ஆகிறான். போலீஸ் உடுப்போடு வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், போனை வைக்கக் கூடாது" என்று மிரட்டுவது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். புகார் எண் 1930. அதையும் நோட்டில் எழுதியாயிற்று. இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. சில நொடிக் குரல் பதிவு கிடைத்தால் போதும், ஏஐ வைத்து அதே குரலில் பேச வைத்துவிடலாம். "அம்மா, ஆக்சிடெண்ட் ஆயிருச்சு, உடனே பணம் அனுப்பு" என்று என் குரலிலேயே அவளுக்குப் போன் வரலாம். நான் ஆபீசில் நாள் பூராவும் ஏஐ, ஏஐ என்று பேசிவிட்டு வருகிறவன். ராத்திரி படுக்கும்போது பயம் வருவது இதை நினைத்துத்தான்.

ஆகவே குடும்பத்துக்கு ஒரு ரகசியச் சொல் வைத்தோம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது விற்றுவிட்ட எங்கள் வீட்டு மாட்டின் பெயர். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எந்த செர்வரிலும் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து யார் என் குரலில் பேசினாலும் முதலில் அதைக் கேட்கணும், சொல்லாவிட்டால் வைத்துவிடணும் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவளும் தலையாட்டினாள். கேட்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். மகன் குரலைக் கேட்டதும் உருகிவிடுவாள் என்று நினைத்தேன்.

போன மாசம் ஆபீசில் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தீபாவளி டிக்கெட் கிடைத்துவிட்டது என்று உடனே சொல்லணும் போல இருந்தது. பக்கத்து சீட் நண்பரின் போனை வாங்கி ஊருக்குப் போட்டேன்.

"அம்மா, நான்தான் பேசுறேன்."

ஒரு நிமிஷம் மௌனம். பிறகு, பேங்க் மேனேஜர் மாதிரி ஒரு குரல். "மாட்டுப் பேரு என்ன?"

"அம்மா, நான்தாம்மா. என் போன்ல சார்ஜ் இல்ல, இது..."

"மாட்டுப் பேரச் சொல்லு."

சுற்றுமுற்றும் பார்த்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் திறந்த ஹால். இரண்டு டேபிள் தள்ளி டேமேஜர். வாயைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"காது கேக்கல. சத்தமாச் சொல்லுல."

எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். (அந்தப் பெயரை உங்களிடம் சொல்ல மாட்டேன்.) ஹாலில் அத்தனை தலையும் திரும்பியது.

"ம், சரி," என்றாள் அம்மா. "இப்ப சொல்லு, சாப்ட்டியா?"